36 பேரில் 35 பேருக்கு பலன்... அந்த ஒருவருக்கு மட்டும் ஏன் இல்லை? ஆன்டிபாடிகளை உருவாக்கும் மரபணுவின் 'வெட்டு, ஒட்டு' வித்தை

அமெரிக்காவின் வாஷிங்டன், சியாட்டில் நகரங்களில் எச்.ஐ.வி. தடுப்பூசி ஆராய்ச்சிக்காக 48 பேர் முன்வந்தார்கள். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், எச்.ஐ.வி. தொற்று இல்லாதவர்கள். அவர்களில் 36 பேருக்கு பரிசோதனை ஊசி போடப்பட்டது. மீதி 12 பேருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் ஊசி. 2022 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் இதன் முடிவு வெளியானது.

ஊசி போட்ட 36 பேரில் 35 பேரின் உடலில், விஞ்ஞானிகள் எதிர்பார்த்த அதே வகை நோய் எதிர்ப்பு செல்கள் உருவாகியிருந்தன. அதாவது 97 சதவீதம். நாற்பது வருஷமாக தோல்விகளையே அதிகம் பார்த்த எச்.ஐ.வி. தடுப்பூசி ஆராய்ச்சியில் இப்படி ஒரு எண் ரொம்பவே அபூர்வம்.

சரி, மிச்சமிருக்கும் அந்த ஒருவர்?

அவருக்கும் அதே ஊசிதான். ஆனால் எதிர்பார்த்த செல்கள் அவர் உடலில் வரவில்லை. ஊசியில் குறை இல்லை. அவருடைய உடல்நலத்திலும் குறை இல்லை. அப்பா, அம்மாவிடம் இருந்து பிறக்கும்போதே அவருக்கு வந்த ஒரு மரபணு துண்டில்தான் காரணம் இருந்தது.

ஒரு சின்ன மரபணு துண்டு, ஒரு தடுப்பூசியின் பலனையே தீர்மானிக்குமா? தீர்மானிக்கும். அது எப்படி என்று புரிய வேண்டுமானால், நம் உடல் ஆன்டிபாடிகளை எப்படி தயாரிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஆன்டிபாடி என்றால் என்ன?

கொரோனா காலத்துக்குப் பிறகு இந்த வார்த்தை எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆன்டிபாடி என்பது ரத்தத்தில் சுற்றி வரும் ஒரு புரதம். பார்க்க ஒரு கவட்டை மாதிரி இருக்கும். மேலே இரண்டு கைகள், கீழே ஒரு கால். கைகளின் நுனிதான் கிருமியைப் பிடிக்கும் இடம். ஒவ்வொரு ஆன்டிபாடியிலும் நீளமான புரதச் சங்கிலி இரண்டு, குட்டையான சங்கிலி இரண்டு என மொத்தம் நான்கு சங்கிலிகள் இருக்கும்.

இதைத் தயாரிப்பவை 'பி செல்' எனப்படும் ஒருவகை வெள்ளை அணுக்கள். எலும்பு மஜ்ஜையில் தினமும் புதிது புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். இதில் ஒரு கண்டிஷன் உண்டு. ஒரு பி செல், ஒரே ஒரு வகை ஆன்டிபாடியைத்தான் தயாரிக்கும். டெங்குவைப் பிடிக்கும் பி செல் அம்மையைப் பிடிக்காது. அம்மைக்கானது டெட்டனஸை கண்டுகொள்ளாது. பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி, கிருமிக்கு ஏற்ற ஆன்டிபாடி.

கணக்கு இடிக்குதே!

இங்கேதான் சிக்கல். உலகத்தில் எத்தனை கிருமிகள் இருக்கின்றன? எண்ண முடியாது. நாளைக்கு புதிதாக ஒரு வைரஸ் வந்தாலும் அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் நம்மிடம் இருக்க வேண்டும். அப்படியானால் கோடிக்கணக்கான வகைகளில் ஆன்டிபாடி தேவை.

ஒரு புரதத்தைத் தயாரிக்க ஒரு மரபணு வேண்டும் என்பதுதான் பாடப்புத்தகத்தில் படித்தது. ஆனால் மனிதனிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் மொத்தமே சுமார் 20 ஆயிரம்தான். கண்ணுக்கு, காதுக்கு, தோலுக்கு, ரத்தத்துக்கு என எல்லா வேலைக்கும் சேர்த்தே இவ்வளவுதான். இந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான ஆன்டிபாடிகளை உடல் எப்படி தயாரிக்கிறது?

1960களில் விஞ்ஞானிகள் இதற்காக இரண்டு அணியாகப் பிரிந்து விவாதித்தார்கள். எல்லா ஆன்டிபாடிக்கும் தனித்தனி மரபணு பிறக்கும்போதே வந்துவிடுகிறது என்றது ஒரு தரப்பு. இல்லை, கொஞ்ச மரபணுக்கள்தான் வருகின்றன, பிறகு உடலுக்குள்ளேயே அவை மாற்றப்படுகின்றன என்றது இன்னொரு தரப்பு. 1965-ல் வில்லியம் டிரேயர், கிளாட் பென்னட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே புரதத்தை இரண்டு மரபணுக்கள் சேர்ந்து உருவாக்கலாம் என்று சொன்னபோது, பலரும் நம்பவில்லை. காரணம், உடலின் எல்லா செல்களிலும் டிஎன்ஏ ஒரே மாதிரிதான் இருக்கும், அது மாறாது என்பது அப்போதைய உறுதியான நம்பிக்கை.

விசா முடிந்ததால் கிடைத்த விடை

ஜப்பானைச் சேர்ந்த சுசுமு டொனெகாவா அப்போது அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1970 இறுதியில் அவருடைய விசா காலம் முடிந்தது. வேறு வழியின்றி சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருந்த நோய் எதிர்ப்பியல் ஆய்வு நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தார். அந்தத் துறையில் அவருக்கு அதுவரை அனுபவமே கிடையாது.

1976-ல் நொபுமிச்சி ஹோசுமி என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, அந்த விவாதத்துக்கு முடிவு கட்டியது. அவர்கள் செய்தது இதுதான். இன்னும் பிறக்காத சுண்டெலிக் கருவின் டிஎன்ஏவை எடுத்தார்கள். ஆன்டிபாடி தயாரிக்கும் புற்றுநோய் செல்லின் டிஎன்ஏவையும் எடுத்தார்கள். இரண்டையும் ஒரே 'கத்தரி'யால், அதாவது டிஎன்ஏவை குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வெட்டும் ஒரு நொதியால் வெட்டிப் பார்த்தார்கள்.

கருவின் டிஎன்ஏவில், ஆன்டிபாடிக்கான மரபணு இரண்டு தனித்தனி துண்டுகளில் இருந்தது. ஆன்டிபாடி தயாரிக்கும் செல்லில், அது ஒரே துண்டில் இருந்தது. அதாவது தூரத்தில் இருந்த பகுதிகள் நடுவில் இருந்ததை வெட்டி எறிந்துவிட்டு பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாறவே மாறாது என்று நினைத்த டிஎன்ஏவை, பி செல் தானே வெட்டி, தானே ஒட்டுகிறது!

இந்தக் கண்டுபிடிப்புக்காக 1987-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு டொனெகாவாவுக்கு வழங்கப்பட்டது. அந்த வருடம் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொள்ள வேறு யாரும் இல்லை.

12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய்

இந்த வெட்டு, ஒட்டு எப்படி வேலை செய்கிறது? தமிழ் எழுத்துகளை நினைத்துக்கொண்டால் ஈஸியாகப் புரியும். உயிர் எழுத்து 12. மெய் எழுத்து 18. இரண்டும் சேரும்போது கிடைப்பது 216 உயிர்மெய். கையில் இருப்பது 30, சேர்த்தால் கிடைப்பது 216. பி செல் செய்வதும் இதே வேலைதான்.

ஆன்டிபாடியின் நீளமான சங்கிலிக்கான மரபணு மனிதனின் 14-வது குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் முழு மரபணுவாக இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது. 'வி' வகைத் துண்டுகள் சுமார் 40. 'டி' வகை சுமார் 23. 'ஜே' வகை 6. ஒவ்வொரு பி செல்லும் உருவாகும்போது, இந்த மூன்று வகையிலும் ஒவ்வொரு துண்டை மட்டும் எடுத்து ஒட்டிக்கொள்கிறது. எந்தத் துண்டு என்பது கிட்டத்தட்ட குலுக்கல் முறைதான்.

40 x 23 x 6 என்று பெருக்கினால் 5,520 வகை நீளச் சங்கிலி கிடைக்கும். குட்டைச் சங்கிலிக்கு 2-வது குரோமோசோமிலும் 22-வது குரோமோசோமிலும் இதேபோல் துண்டுகள் உண்டு. அங்கே 'டி' கிடையாது, 'வி'யும் 'ஜே'யும் மட்டும்தான். அதில் தோராயமாக 320 வகை. நீளமும் குட்டையும் எப்படி வேண்டுமானாலும் ஜோடி சேரலாம் என்று வைத்துக்கொண்டால் 5,520 x 320. அதாவது 17 லட்சத்துக்கும் மேல்.

நூற்றுச் சொச்சம் துண்டுகளில் இருந்து 17 லட்சம் ஆன்டிபாடி. இதுவே பெரிய விஷயம்தான். ஆனால் இது ஆரம்பம் மட்டுமே.

ஒட்டும் இடத்தில் நடக்கும் புணர்ச்சி

பள்ளியில் படித்த புணர்ச்சி விதிகள் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு சொற்கள் சேரும்போது சேரும் இடத்தில் எழுத்து மாறும். பூவும் கொடியும் சேர்ந்தால் நடுவில் ஒரு எழுத்து புதிதாக வந்து 'பூங்கொடி' ஆகும். அது தோன்றல். மரமும் வேரும் சேர்ந்தால் ஒரு எழுத்து காணாமல் போய் 'மரவேர்' ஆகும். அது கெடுதல்.

மரபணுத் துண்டுகள் ஒட்டும் இடத்திலும் அச்சு அசலாக இதுதான் நடக்கிறது. 'ராக்-1', 'ராக்-2' என்ற இரண்டு புரதங்கள் டிஎன்ஏவை வெட்டுகின்றன. வெட்டிய முனைகளை ஒட்டுவதற்கு முன்பு, சில எழுத்துகள் உதிர்ந்துபோகின்றன. இன்னொரு நொதி வந்து, எந்த மாதிரியையும் பார்க்காமல், தன் இஷ்டத்துக்கு சில எழுத்துகளைச் சேர்க்கிறது. அதன் பிறகுதான் முனைகள் ஒட்டப்படுகின்றன.

வித்தியாசம் என்னவென்றால், தமிழில் புணர்ச்சிக்கு விதி உண்டு. இங்கே விதியே கிடையாது. ஒவ்வொரு பி செல்லிலும் ஒவ்வொரு மாதிரி. அதுவும், இந்த ஒட்டு விழும் இடம், ஆன்டிபாடியின் கை நுனியில், கிருமியைத் தொடும் பகுதியின் மையத்தில் அமைகிறது. எங்கே வித்தியாசம் அதிகம் தேவையோ, அங்கேயே குலுக்கலும் அதிகம்.

இதையெல்லாம் சேர்த்தால் எண்ணிக்கை எங்கே போகும்? 10 பேரின் ரத்தத்தில் இருந்து ஆன்டிபாடி மரபணுக்களை விரிவாகப் படித்து 2019-ல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வெளியானது. மனித உடலால் உருவாக்கக்கூடிய ஆன்டிபாடி வகைகள், 1-க்குப் பின்னால் 18 பூஜ்ஜியம் போடும் அளவுக்கு இருக்கலாம் என்றது அந்த மதிப்பீடு. மனித உடலில் உள்ள மொத்த செல்களே சுமார் 30 லட்சம் கோடிதான். அதாவது 3-க்குப் பின்னால் 13 பூஜ்ஜியம். எனவே இத்தனை வகையும் ஒருவர் உடலில் ஒரே நேரத்தில் இருக்கவே முடியாது. ஒவ்வொருவரிடமும் இருப்பது அந்தப் பெருங்கடலில் அள்ளிய ஒரு கை தண்ணீர். ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களிடம்கூட பி செல்களின் தொகுப்பு ஒன்றாக இருக்காது.

நெறி கட்டும் இடத்தில் இரண்டாவது ரவுண்டு

காய்ச்சல், தொண்டை வலி வந்தால் கழுத்தில் 'நெறி கட்டியிருக்கு' என்று சொல்வோம். அந்த நிணநீர் முடிச்சுக்குள் நடப்பதுதான் அடுத்த கட்டம்.

கிருமி உள்ளே வந்ததும், அதை ஓரளவு பிடிக்கக்கூடிய பி செல்கள் இங்கே கூடி, வேகமாகப் பெருகுகின்றன. அப்படிப் பெருகும்போது, தங்கள் ஆன்டிபாடி மரபணுவில் வேண்டுமென்றே எழுத்துப் பிழைகளை உண்டாக்கிக்கொள்கின்றன. சாதாரணமாக டிஎன்ஏவில் பிழை விழும் வேகத்தைவிட இது சுமார் 10 லட்சம் மடங்கு அதிகம். 'ஏஐடி' என்ற நொதிதான் இதைச் செய்கிறது. ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ குழு 1999-ல் இதைக் கண்டுபிடித்தது. பிறகு 2018-ல், புற்றுநோய் சிகிச்சை தொடர்பான வேறொரு கண்டுபிடிப்புக்காக ஹோன்ஜோ நோபல் பரிசு பெற்றார்.

பிழை விழுந்த பிறகு ஒரு போட்டி நடக்கும். முன்பைவிட இறுக்கமாகக் கிருமியைப் பிடிக்கும் செல் பிழைக்கும். பிடி தளர்ந்த செல் சாகும். இப்படியே பல சுற்று. தடுப்பூசிக்கு இரண்டாவது, மூன்றாவது டோஸ் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு டோஸும் இந்தப் போட்டியை இன்னொரு முறை நடத்துகிறது.

டெங்கு டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'ஐஜிஎம்', 'ஐஜிஜி' என்று இரண்டு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தக் கதையில் வருவதுதான். முதலில் வருவது ஐஜிஎம். பிறகு அதே நொதியின் உதவியோடு பி செல் தன் மரபணுவை இன்னொரு முறை வெட்டி ஒட்டி, ஐஜிஜி-க்கு மாறுகிறது. கிருமியைப் பிடிக்கும் கை அதேதான். கீழே இருக்கும் கால் மட்டும் மாறும். அதனால்தான் ஐஜிஎம் இருந்தால் சமீபத்திய தொற்று என்றும், ஐஜிஜி மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழைய தொற்று என்றும் டாக்டர்கள் கணிக்கிறார்கள்.

டிஎன்ஏவை வெட்டுவது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். இந்த வித்தைக்கு உடல் கொடுக்கும் விலையும் உண்டு.

வெட்டிய துண்டு சில நேரம் தப்பான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பர்கிட் லிம்போமா என்ற புற்றுநோயில், 8-வது குரோமோசோமில் இருக்கும் செல் வளர்ச்சிக்கான மரபணு, பெரும்பாலான நோயாளிகளுக்கு 14-வது குரோமோசோமில் ஆன்டிபாடி மரபணுவின் பக்கத்தில் வந்து ஒட்டியிருக்கும். ஆன்டிபாடிக்கான 'சுவிட்ச்' எப்போதும் ஆன் ஆகவே இருப்பதால், அந்த செல் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கிவிடும்.

குலுக்கல் என்பதால் நம் உடலையே தாக்கும் ஆன்டிபாடிகளும் உருவாகும். அவற்றை வடிகட்ட உடலில் தனி ஏற்பாடு இருக்கிறது. அதில் ஓட்டை விழும்போது, உடல் தன்னையே தாக்கும் நோய்கள் வருகின்றன.

'ராக்' மரபணுக்கள் இரண்டில் ஒன்று முற்றிலும் வேலை செய்யாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த வெட்டு, ஒட்டே நடக்காது. நோய் எதிர்ப்பு சக்தி கிட்டத்தட்ட பூஜ்ஜியம். சாதாரண தொற்றுகூட உயிரைப் பறிக்கலாம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் இவர்களுக்கான முக்கிய வழி.

எச்.ஐ.வி. மட்டும் ஏன் சிக்கவில்லை?

இத்தனை கோடி சாவி இருந்தும் எச்.ஐ.வி.யை ஏன் பூட்ட முடியவில்லை? காரணம், அந்த வைரஸ் தன் வெளித்தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஆன்டிபாடி தயாராகி வருவதற்குள் வைரஸ் வேறு உருவத்துக்குப் போயிருக்கும். போதாததற்கு, மேலே சர்க்கரை மூலக்கூறுகளால் ஒரு போர்வை வேறு.

ஆனால் வைரஸால் மாற்றிக்கொள்ள முடியாத சில இடங்கள் உண்டு. மனித செல்லுக்குள் நுழைய அது பயன்படுத்தும் கொக்கி அதில் ஒன்று. அதை மாற்றினால் உள்ளே நுழையவே முடியாது. பல வருடங்கள் எச்.ஐ.வி.யுடன் வாழும் சிலரின் உடலில், இந்த இடத்தைக் குறிவைக்கும் அபூர்வமான ஆன்டிபாடிகள் உருவாகின்றன. 2010-ல் அப்படி ஒருவரின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டதுதான் 'விஆர்சி01'. ஆய்வகத்தில் சோதித்த எச்.ஐ.வி. ரகங்களில் சுமார் 90 சதவீதத்தை இது முடக்கியது.

அப்போ அதையே எல்லோருக்கும் உருவாக்க வைக்கலாமே? அங்கேதான் சிக்கல். இந்த ஆன்டிபாடி ஒரே நாளில் வந்ததல்ல. நெறி கட்டும் இடத்தில் பல வருடம் சுற்று மேல் சுற்றாகப் போட்டி நடந்து, ஏராளமான எழுத்து மாற்றங்கள் சேர்ந்து உருவானது. அது வந்து சேர்வதற்குள் வைரஸ் உடலில் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

3 லட்சத்தில் ஒன்றைத் தேடி

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஷீஃப் குழு வேறு மாதிரி யோசித்தது. கடைசி ஆன்டிபாடியை நோக்கி நேராக ஓடாமல், அதன் 'விதை'யான பி செல்லை முதலில் தட்டி எழுப்பினால் என்ன?

விஆர்சி01 வகை ஆன்டிபாடிகள் எல்லாமே 'விஎச்1-2' என்ற ஒரே 'வி' துண்டில் இருந்து வருபவை. கூடவே குட்டைச் சங்கிலியும் குறிப்பிட்ட மாதிரி அமைய வேண்டும். இந்தக் குலுக்கல் சரியாக விழுந்த பி செல்கள், ஊசியே போடாத ஆரோக்கியமான மனிதரிடம் சுமார் 3 லட்சத்தில் ஒன்று இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அந்த ஒன்றை மட்டும் தேடிப் பிடித்து எழுப்பும்படி ஒரு நுண்துகளை வடிவமைத்தார்கள். அதுதான் அந்த 36 பேருக்குப் போட்ட ஊசி. 35 பேரிடம் விதை முளைத்தது.

அந்த ஒருவரிடம் என்ன இல்லை?

'விஎச்1-2' துண்டு எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சின்னச் சின்ன எழுத்து வித்தியாசத்தோடு அதில் பல வடிவங்கள் உண்டு. '02', '04' என்று எண்ணிட்ட வடிவங்கள்தான் விஆர்சி01 வகை ஆன்டிபாடிக்கு ஒத்துவரும். மனிதர்களிடம் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டிரண்டு. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. இரண்டில் ஒன்று சரியாக இருந்தாலே போதும்.

அந்த ஒருவரிடம் இரண்டுமே வேறு வடிவங்கள்.

சீட்டுக்கட்டை எத்தனை முறை கலைத்தாலும், கட்டில் இல்லாத சீட்டு கைக்கு வராது. ஆன்டிபாடி விஷயமும் இதுதான். குலுக்கலில் கோடிக்கணக்கான வகை வரலாம். ஆனால் குலுக்குவதற்கான துண்டுகள் பரம்பரையாக வருபவை. இதற்காக அவரை நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர் என்று சொல்ல முடியாது. மற்ற கிருமிகளை அவர் உடல் எப்போதும்போல சமாளிக்கும். இந்தக் குறிப்பிட்ட ஊசிக்கான சீட்டு மட்டும் அவர் கட்டில் இல்லை.

ஒருவர் என்றால் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்த வடிவங்கள் எல்லா மக்கள் கூட்டத்திலும் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை. ஒரு ஊரில் 36-ல் ஒருவர் என்பது, இன்னொரு ஊரில் கூடவோ குறையவோ இருக்கலாம். ஓரிடத்து மக்களை மட்டும் வைத்துச் செதுக்கிய தடுப்பூசி, வேறிடத்தில் அதே பலனைத் தரும் என்று சோதிக்காமல் சொல்ல முடியாது.

ஆப்பிரிக்காவில் நடந்த சோதனை

அதனால்தான் 2025 மே மாதம் 'சயின்ஸ்' இதழில் வெளியான அடுத்த கட்ட முடிவுகள் முக்கியமானவை. இந்த முறை ஊசி எம்ஆர்என்ஏ தொழில்நுட்பத்தில் தயாரானது. வட அமெரிக்காவில் ஒரு பரிசோதனை. எச்.ஐ.வி. பாதிப்பு அதிகமுள்ள பகுதிகளைச் சேர்ந்த ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 18 பேரிடம் இன்னொரு பரிசோதனை. ஆப்பிரிக்காவில் பங்கேற்றவர்களில் 94 சதவீதம் பேரிடம் விதை செல்கள் முளைத்தன. வட அமெரிக்காவில், முதல் ஊசிக்குப் பிறகு சற்றே வேறுபட்ட இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்ட 17 பேரிடமும் அவை உருவாகி, அடுத்த கட்ட வளர்ச்சியும் தெரிந்தது. சிலருக்கு தோலில் அரிப்பு, தடிப்பு போன்ற பக்கவிளைவு வந்தது. அது ஏன் என்ற ஆய்வும் தேவைப்படுகிறது.

எச்.ஐ.வி.க்கு தடுப்பூசி வந்துவிட்டதா என்றால், இல்லை. விதை முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதை வளர்த்து வைரஸை முடக்கும் ஆன்டிபாடியாக மாற்ற இன்னும் பல ஊசிகள், பல பரிசோதனைகள் தேவை.

பணம் நின்றால் என்ன ஆகும்?

இந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. அமெரிக்க உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் நிதியை நம்பியிருந்த, தென்னாப்பிரிக்கா தலைமையிலான 'பிரில்லியண்ட்' என்ற எச்.ஐ.வி. தடுப்பூசி கூட்டமைப்பின் பணிகள் அதோடு நின்றன. மே மாத இறுதியில் அடுத்த செய்தி. டியூக் பல்கலைக்கழகம், ஸ்கிரிப்ஸ் ஆகிய இரண்டு இடங்களில் இயங்கும் எச்.ஐ.வி. தடுப்பூசி ஆராய்ச்சிக் கூட்டமைப்புகளுக்கான நிதி இனி புதுப்பிக்கப்படாது என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் தெரிவித்தது.

கையில் இருக்கும் மருந்துகளை வைத்தே எச்.ஐ.வி.யை ஒழிக்கலாம் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 6 மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் தொற்றைத் தடுக்கும் 'லெனகாபவிர்' ஊசிக்கு 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது மருந்து, தடுப்பூசி அல்ல. போடுவதை நிறுத்தினால் பாதுகாப்பும் நின்றுவிடும். ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் கணக்குப்படி 2024-ல் மட்டும் உலகில் புதிதாக சுமார் 13 லட்சம் பேருக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது. சுமார் 6.3 லட்சம் பேர் இறந்தார்கள். உயிர் உள்ளவரை 6 மாதத்துக்கு ஒரு ஊசி என்பது எல்லா நாட்டு ஏழைக்கும் கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

நமக்கு என்ன சம்பந்தம்?

இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். இங்கே அதிகம் பரவியிருப்பது 'சி' ரக வைரஸ். தென்னாப்பிரிக்காவிலும் அதே ரகம்தான். ஆக, அங்கே நடக்கும் ஆராய்ச்சி நின்றால் நஷ்டம் அங்கே மட்டும் இல்லை.

இன்னொரு விஷயம். உலகம் முழுவதும் சேகரிக்கப்பட்ட மரபணுத் தகவல்களில் ஐரோப்பிய வம்சாவளியினரின் பங்குதான் மிக அதிகம். ஆன்டிபாடி மரபணுத் துண்டுகள் விஷயத்திலும் இதே நிலைதான். மரபணுவை அறிந்து, அதற்கு ஏற்ற தடுப்பூசி என்ற இந்த முறை நாளைக்கு ஃப்ளூ, மலேரியா என்று மற்ற நோய்களுக்கும் வரலாம். அப்போது ஒரு மக்கள் கூட்டத்தின் 'சீட்டுக்கட்டு' எப்படி இருக்கிறது என்று தெரியாமலே ஊசி வடிவமைக்கப்பட்டால், பலன் கிடைக்காத அந்த 'ஒருவர்' அந்தக் கூட்டத்தில் எத்தனை பேராக இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. இந்தியா மாதிரி இத்தனை வகை மக்கள் வாழும் நாட்டில் இந்தக் கணக்கை எடுப்பது கூடுதல் அவசியம்.

நல்லவேளை, இதற்கு வழியே இல்லை என்பதில்லை. வைரஸின் வெவ்வேறு இடங்களைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகள் உண்டு. அவை வேறு வேறு மரபணுத் துண்டுகளில் இருந்து வருபவை. ஒரே கலவையில் இரண்டு, மூன்று வகை விதைகளை எழுப்பும் ஊசி வந்தால், ஒன்று இல்லாதவருக்கு இன்னொன்று கைகொடுக்கும். அதற்கும் ஆராய்ச்சி தொடர வேண்டும்.

1976-ல் சுண்டெலியின் டிஎன்ஏவை வெட்டிப் பார்த்தபோது அதில் ஒரு தடுப்பூசி ஒளிந்திருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அங்கிருந்து, 3 லட்சத்தில் ஒரு செல்லைத் தேடிப் பிடிக்கும் ஊசி வரை வந்து சேர கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆனது. 35 பேரிடம் முளைத்த விதை மரமாகுமா, 36-வது நபருக்கும் ஒரு வழி கிடைக்குமா என்பது, இனி ஆய்வகத்தைவிட நிதி ஒதுக்கும் மேஜைகளில்தான் முடிவாகப் போகிறது.